பொன்னாடை களையும் மரம்



நவம்பர்த் திங்களை மரித்த விசுவாசிகளின் நினைவுக்கென நம் திருச்சபை ஒதுக்கி வைத்துள்ளது. முதல் நாளில் புனிதர் அனைவரையும் போற்றுகிறோம். இரண்டாம் நாளில் மெழுகுதிரியும் மாலையும் ஏந்திக் கல்லறைத் தோட்டம் செல்கிறோம். கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி, சிலுவைக்கு வெள்ளையடித்து, மந்திரித்த தீர்த்தம் தெளித்துச் செபிக்கிறோம். ஆயின் வீடு திரும்பியதும் சாவைப் பற்றிய பேச்சை வாசற்படிக்கு வெளியே விட்டுவிடுகிறோம். "நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பேச்சு எதற்கு?" என்பதே நம் இல்லங்களில் வழங்கும் வாக்கு. பெரியவர் ஒருவர் தம் முடிவைப் பற்றி வாய் திறந்தால், பிள்ளைகள் பதறி அவர் வாயை மூடுகின்றனர். பிள்ளைகள் வாய் திறந்தாலோ, பெரியவர் அதனைப் பேராசையென எண்ணி முகம் திருப்பிக்கொள்கிறார். இவ்வாறு பேசப்படாமலே போன பேச்சுகள், அடக்கம் முடிந்த பின் வழக்குகளாகவும் பகைகளாகவும் வெடிப்பதை நாம் காண்கிறோம்.

இதே நவம்பர்த் திங்களில் கீழ்த்திசை நாடுகளில் ஒரு மரம் தன் அழகின் உச்சியில் நிற்கிறது. ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளின் கோவில் முற்றங்களிலும் நகரச் சாலைகளிலும் வளரும் கிங்கோ மரமே அது. கோடை முழுவதும் பசுமையாய் நின்ற அம்மரம், குளிர் தொடங்கியதும் உச்சி முதல் அடிவரை பொன்னிறம் பூண்டு நிற்கும். சில நாள்களே அந்தப் பொற்கோலம். பின்னர் ஓரிரவில் பனி கடுமையாய் இறங்கினால், மறுநாட் காலையில் காற்று அசையாதபோதும் இலைகள் பொலபொலவென உதிரத் தொடங்கும். நண்பகலுக்குள் கிளைகள் வெறுமையாகி, அடியில் பொற்கம்பளம் விரிந்திருக்கும். இக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் குடும்பம் குடும்பமாய்ச் செல்கின்றனர். இலை உதிர்வதை அவர்கள் துக்கமாகக் கருதுவதில்லை, திருவிழாவாகக் கொண்டாடுகின்றனர்.

நம் நாட்டிலும் இலையுதிர்க்கும் மரங்கள் உண்டு. கடலோரக் கோவில் வளாகங்களில் நிற்கும் நாட்டு வாதுமை, இலையெல்லாம் சிவந்து உதிர்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இலவமரம் இலையின்றி நின்று பூப்பதும் நீங்கள் அறிந்ததே. நம் சமவெளியின் மரங்கள் பெரும்பாலும் வறட்சிக்கு அஞ்சி இலையைக் களைகின்றன; கிங்கோ குளிருக்கு அஞ்சிக் களைகிறது. காரணம் வேறாயினும் பாடம் ஒன்றே. அப்பாடத்தைக் கிங்கோவைப் போல் தெளிவாக உரைக்கும் மரம் வேறில்லை என்பதால், அதனையே இம்முறை சிந்தனைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

தாத்தா பேரன் மரம்

இம்மரத்தின் இலை வடிவிலேயே தனித்தன்மை வாய்ந்தது. சிறு கைவிசிறியை ஒத்தது. பலவேளை நடுவில் ஒரு பிளவு வீழ்ந்து இரு மடல்களாய்த் தோன்றும். நரம்புகள் ஒன்று இரண்டாகவும், அவ்விரண்டும் மீண்டும் இவ்விரண்டாகவும் கிளைத்துக்கொண்டே விளிம்புவரை செல்லும். இத்தகைய இலை பதிந்த கற்கள் பூமியின் ஆழ்படுகைகளில் கிடைத்துள்ளன. அவற்றுட் சில ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகள் பழமையானவை. கிங்கோவின் உறவினங்கள் யாவும் அழிந்தொழிந்தன. இவ்வோர் இனம் மட்டுமே எஞ்சி நிற்கிறது. காட்டில் தானே வளர்ந்த கிங்கோ மரங்கள் இன்று சீனத்தின் சில மலைப்பகுதிகளில் மட்டுமே உள்ளன. மனிதர் நட்டுப் பேணியதாலேயே இது உலகெங்கும் பரவிற்று.

மேலைநாட்டார் இதனை அறிந்த வரலாறும் சுவையானது. ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ஃபர், 1690 முதல் 1692 வரை, நாகசாகித் துறைமுகத்தை அடுத்த தெஜிமாத் தீவில் டச்சு வணிகக் கழகத்தின் பணியில் இருந்தார். அவர் 1712இல் வெளியிட்ட நூலில்தான் 'கிங்கோ' என்னும் பெயர் மேனாட்டு எழுத்தில் முதன்முதல் ஏறிற்று. 1771இல் லின்னேயஸ் அப்பெயரையே அறிவியற் பெயராக்கி, இரு மடல் உடையது என்னும் பொருளில் 'பிலோபா' என்பதனைச் சேர்த்தார். இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் 1762இல் நடப்பெற்ற கிங்கோ இன்றும் உயிரோடு நிற்கிறது.

சீனர் இதற்கு வழங்கிய பெயர்கள் பல. அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது: 'தாத்தா பேரன் மரம்' என்பதே அது. நட்டு இருபது, முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரே பெண்மரம் காய்க்கத் தொடங்கும். ஆகவே தாத்தா நடுவார், பேரன் உண்பான். தான் உண்ண இயலாத கனிக்கு நீர் வார்ப்பவன் எவனோ அவனே கிங்கோவை நடத் தகுந்தவன். இப்பெயர் ஒன்றே ஒரு மறையுரைக்குப் போதுமானது அன்றோ!

பொன்னின் மருமம்

இலை பொன்னிறம் அடைவது எங்ஙனம்? பலர் நினைப்பது போல், பச்சை அழுகி மஞ்சளாவதில்லை. இலையின் உள்ளே மஞ்சள் நிறப்பொருள் கோடையிலும் இருக்கிறது. ஞாயிற்றின் ஒளியை உணவாக்கும் பச்சையம் மிகுந்திருப்பதால் அம்மஞ்சள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பகற்பொழுது குறுகிக் குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தைப் பேணுவதை நிறுத்திவிடுகிறது. பச்சையம் சிதைந்து மறைய, அதுகாறும் மறைந்திருந்த பொன் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்கள் அவ்வேளை சிவப்புச் சாயத்தைப் புதிதாய் உண்டாக்கிக்கொள்ளும். கிங்கோவில் அச்சிவப்பு இல்லாமையால், கலப்பற்ற மஞ்சளே விளங்குகிறது.

இத்துடன் முடிவதில்லை. இலை பொன்னாகும் அந்நாள்களில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெருவேலை நடைபெறுகிறது. இலையில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளில் பெரும்பகுதியை மரம் திரும்பப் பெற்றுக் கிளையிலும் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. அடுத்த வசந்தத்தின் தளிர்களுக்கு அதுவே முதல். அதே வேளையில் இலைக்காம்பின் அடியில் மெல்லிய பிரிவடுக்கு ஒன்று உருவாகிறது. அவ்வடுக்கு முற்றியதும் இலை தானே கழன்று விழும். விழுந்த இடத்தில் காயம் தோன்றாதவாறு தக்கை போன்ற படலம் முன்னதாகவே மூடிவிடும். மற்ற மரங்களில் ஒவ்வோர் இலைக்கும் இவ்வேலை முன்பின்னாக நடக்கிறது. கிங்கோவிலோ எல்லாக் காம்புகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தேறுகிறது. அதனாற்றான் அது ஒரு பகலுக்குள் தன் ஆடையைக் களைகிறது.

இன்னும் ஒன்று காண்க. இலை விழும் முன்பே, அதன் காம்படியில் வரும் ஆண்டின் மொட்டு உருவாகி, செதில் போர்த்து உறங்கிக்கொண்டிருக்கிறது. புதியது ஆயத்தமான பின்னரே பழையது விடைபெறுகிறது.

ஆகவே இலையைக் காற்றுப் பிய்த்துச் செல்கிறது என நாம் சொல்வது முழு உண்மையன்று. மரமே இலையை விடுகிறது. வேருக்குரியதை வேருக்குச் சேர்த்து, காயத்தை மூடி, வருவோர்க்கு இடம் ஒதுக்கி, அதன் பின்னரே விடுகிறது. இழப்பு எனத் தோன்றும் அச்செயல் உண்மையில் ஓர் ஒப்படைப்பு.

நம் இல்லங்களில்

இவ்வொழுங்கை நம் குடும்பங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பெற்றோர் சிலர் இறுதிவரை எதனையும் கைவிடுவதில்லை. பெட்டிச் சாவி இடுப்பில், பத்திரம் தலையணையடியில், கணக்கு நெஞ்சுக்குள். ஐம்பது வயதை எட்டிய மகன் ஒரு மூட்டை நெல்லை விற்கவும் தந்தையின் அனுமதியை நாடி நிற்கிறான். அத்தந்தை ஒரு நாள் திடீரென வீழ்ந்ததும், எந்த வங்கியில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கடன், எந்த நிலத்திற்கு எது எல்லை என ஒருவருக்கும் தெரிவதில்லை. மொட்டு உருவாகும் முன் இலை விழுந்த மரம் அது.

வேறு சிலர் நேர்மாறானவர். மக்கள் மீது கொண்ட பாசத்தால், இருந்த அனைத்தையும் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் ஒரு வேளை கஞ்சிக்கும் மருமகளின் முகத்தைப் பார்த்திருக்கின்றனர். வேருக்குச் சேர்க்காமல் இலையை உதிர்த்த மரம் அது. கிங்கோ அவ்வாறு செய்வதில்லை. தன் வேர் குளிரைத் தாங்குவதற்கு வேண்டியதை முதலில் உள்ளே சேர்க்கிறது. ஆதலின் பெரியோர்களே, கொடுங்கள். ஆயின் தலைக்கு மேல் கூரையையும், நோய்க்கு மருந்தையும், கைக்கு ஒரு சிறு தொகையையும் உங்கள் பெயரில் இருத்திக்கொண்டு கொடுங்கள். இது தன்னலமன்று. நாளை உங்களைப் புறக்கணிக்கும் பாவத்திற்கு உங்கள் மக்களை ஆளாக்காதிருக்கும் அன்பு இது.

இளையோர்க்கும் ஒரு சொல். கனியும் முன்னே பறிப்பவனுக்குக் காம்பில் பால் வடியும். பெரியவர் தாமாக விடும்வரை பொறுத்திருப்பதும், அவர் விடுவதற்குத் துணிவு கொள்ளுமாறு நம்பிக்கையூட்டுவதும் உங்கள் கடன். "எப்பொழுது எழுதி வைப்பீர்கள்?" என்னும் கேள்விக்கு முன், "இக்கணக்கை எனக்குக் கற்றுத் தாருங்கள், அப்பா" என்னும் வேண்டுகோள் வந்தால் எத்துணையோ இல்லங்களில் வழக்கே எழாது.

மறைநூலின் பெரியோர்கள் இதனை நமக்குக் காட்டிச் சென்றனர். யாக்கோபு தம் முடிவு நெருங்கியதை உணர்ந்ததும், பன்னிரு மைந்தரையும் கட்டிலைச் சுற்றி அழைத்து, ஒவ்வொருவர்க்கும் உரிய சொல்லைச் சொல்லி, தம்மை எங்கு அடக்கம் செய்ய வேண்டுமென்பதையும் குறித்துவிட்டே கண் மூடினார். மோசே தாம் இறக்கும் முன் யோசுவாவின் மீது கைகளை வைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். நம் ஆண்டவரோ சிலுவையின் வேதனையிலும் தம் அன்னையைச் சீடரிடம் ஒப்படைக்க மறக்கவில்லை. நன்மரணம் என நம் முன்னோர் நாள்தோறும் மன்றாடியது இதற்காகவே. ஒப்படைக்க வேண்டியவற்றை ஒப்படைத்தபின் வரும் மரணமே நன்மரணம்.

இலை முதிர்கிறது; மரம் முதிர்வதில்லை

கிங்கோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. இது எவ்வாறு இயலும் என ஆராய்ந்த சீன அறிஞர்களின் கட்டுரை ஒன்று 2020இல் வெளிவந்தது. 15 ஆண்டு முதல் 667 ஆண்டு வரை வயதுள்ள மரங்களை அவர்கள் ஆராய்ந்தனர். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் இடையே புதிய திசுக்களை ஈன்றுகொண்டே இருக்கும் மெல்லிய வளர்படலம், மிகப் பழைய மரங்களிலும் மூப்படைந்ததற்கான அறிகுறி காட்டவில்லை என்பதும், நோயை எதிர்க்கும் ஆற்றல் அவற்றில் குன்றவில்லை என்பதும் அவர்கள் கண்டவை. இலை ஒவ்வோர் ஆண்டும் மூப்படைந்து மடிகிறது. மரமோ நூற்றாண்டுகள் தாண்டி இளமையோடு இருக்கிறது.

ஒவ்வோர் இலையும் தானே மரமென எண்ணினால் இலையுதிர்காலம் அதற்குப் பேரழிவு. தான் மரத்தின் ஓர் உறுப்பு என அறிந்த இலைக்கோ அது தன் பணியின் நிறைவு. நம் குடும்பத்தின் விசுவாசம் நம்மிடமிருந்து தொடங்கவில்லை. நம்மோடு முடியப்போவதும் இல்லை. நமக்குச் செபமாலை சொல்லக் கற்பித்த பாட்டியின் கை இன்று மண்ணாயிற்று. ஆயின் அவ்விரல்கள் உருட்டிய மணியை நம் பிள்ளைகளின் விரல்கள் உருட்டுகின்றன. அதுவன்றோ வளர்படலம்! அது அறுபட்டால்தான் நாம் அஞ்ச வேண்டும், இலை உதிர்வதற்கன்று.

கிங்கோவின் விதையையும் இங்கே குறிப்பிடல் தகும். பெண்மரம் இலையோடு விதைகளையும் உதிர்க்கும். அவ்விதையைப் போர்த்த சதை அழுகும்போது எழும் நாற்றம் சகிக்க முடியாதது. நெய் கெட்டால் எழும் வாடைக்குக் காரணமான அமிலமே இதிலும் உள்ளது. அதனால் பல நகரங்களில் ஆண்மரங்களையே தேர்ந்து நடுகின்றனர். ஆயினும் ஜப்பானியர் அச்சதையைக் களைந்து உள்ளிருக்கும் பருப்பை வறுத்து விரும்பி உண்பர். அளவு மிஞ்சினால், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, அதுவும் நஞ்சாகும். முன்னோர் நமக்கு விட்டுச் செல்வதும் இத்தகையதே. அவர்தம் கடுஞ்சொல்லும் முன்கோபமும் மேற்சதை. உழைப்பும் விசுவாசமும் உட்பருப்பு. நாற்றத்திற்காக முழுவதையும் எறிந்துவிடுவோரும் உண்டு. சதையோடு விழுங்கிவிடுவோரும் உண்டு. களைவதைக் களைந்து, கொள்வதை அளவறிந்து கொள்வதே மக்களுக்கு அறிவுடைமை.

பச்சை இலை பிய்க்கப்படும்போது

இதுகாறும் கூறியவற்றைப் படித்து, அண்மையில் தன் சிறுமகனை இழந்த தாய் ஒருத்தி நம்மை நோக்கி, "என் பிள்ளையும் பழுத்த இலையா, சுவாமி?" எனக் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு மறுமொழி கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. இறப்பு அனைத்தும் இலையுதிர்வு அல்ல. பொன்னாகி விழும் இலையும் உண்டு. கோடையின் நடுவில் பசுமையோடு பிய்க்கப்படும் இலையும் உண்டு. இரண்டையும் ஒன்றெனப் பேசுவோர் துயருற்றோரின் புண்ணில் உப்பைத் தேய்க்கின்றனர்.

இதற்கும் கிங்கோவே சான்று. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டு வெடித்தது. அது இலையுதிர்காலமன்று; மரங்கள் முழுப் பசுமையில் நின்ற கோடை. ஒரு நொடியில் இலையும் கிளையும் கருகின. மனிதர் பல்லாயிரவர் மடிந்தனர். அங்கே எதுவும் ஆயத்தமாகவில்லை. யாரும் எதனையும் ஒப்படைக்கவில்லை. இனி எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு இம்மண்ணில் புல்லும் முளைக்காது என்னும் பேச்சு எங்கும் பரவிற்று.

ஆயினும் முளைத்தது. குண்டு வெடித்த இடத்திற்கு 1,130 மீட்டர் தொலைவில் ஹோசென்போ என்னும் புத்தக் கோவிலின் முற்றத்தில் நின்ற கிங்கோ, கோவில் அழிந்தபோதும் மடியாமல் மீண்டும் தளிர்த்தது. பின்னர் 1994இல் அக்கோவிலைப் புதிதாய்க் கட்டியபோது, மரத்தை வெட்டாமல், கோவிலின் படிக்கட்டையே இருபுறமாய்ப் பிரித்து மரத்திற்கு இடம் விட்டனர். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குள் தப்பிப் பிழைத்த மரங்கள் ஏறக்குறைய 160 இன்று அந்நகரில் பெயர்ப்பலகையோடு பேணப்படுகின்றன. அவற்றுள் கிங்கோக்களும் உண்டு. 2011இல் தொடங்கிய ஓர் இயக்கத்தின் வழியாக அம்மரங்களின் விதைகளும் கன்றுகளும் பல நாடுகளுக்கு அனுப்பப்பெறுகின்றன.

அவ்வாறு பிழைத்த கிங்கோக்களில் மற்றொன்று, ஷுக்கெய்யென் என்னும் பழம்பெரும் தோட்டத்தில், வெடித்த இடத்திற்கு 1,370 மீட்டர் தொலைவில் நிற்கிறது. கத்தோலிக்கராகிய நமக்கு அத்தோட்டம் அந்நியமன்று. குண்டு வெடித்த அன்று, நகர நடுவிலிருந்த பங்கு இல்லத்தின் இயேசு சபைக் குருக்கள் தீயினின்று தப்பி அடைக்கலம் புகுந்தது அத்தோட்டத்திலேயே. இல்லத் தலைவர் லசால் அடிகளும் ஷிஃபர் அடிகளும் காயமுற்றுக் கிடந்தனர். கிளைன்சோர்கே அடிகள், தாமும் தளர்ந்திருந்த நிலையில், எரிந்து கிடந்த மனிதர்களுக்கு நீர் முகந்து சென்று புகட்டினார். நகருக்கு வெளியே நகாட்சுக்காவில் இருந்த நவசந்நியாச இல்லத்தின் தலைவர் பேத்ரோ அருப்பே அடிகள், இளமையில் மருத்துவம் பயின்றவர். அவர் தம் இல்லத்தையே மருத்துவமனையாக்கினார். அன்று மாலையே துணைவரோடு நகருக்குட் சென்று காயமுற்ற குருக்களை மீட்டு வந்தார். பிற்காலத்தில், 1965 முதல் 1983 வரை, இயேசு சபையின் உலகத் தலைவராய் விளங்கியவர் அவரே.

அக்குருக்கள் அத்தோட்டத்தில் யாருக்கும் விளக்கம் கூறவில்லை; நீர் கொடுத்தனர், கட்டுப்போட்டனர், தூக்கிச் சென்றனர். பச்சை இலை பிய்க்கப்பட்ட வீட்டில் நாம் செய்யத்தக்கதும் அதுவே. "எல்லாம் நன்மைக்கே" எனச் சொல்லிவிட்டு வெளியேறுவதைவிட, வாய் பேசாமல் ஒரு குடம் நீர் கொண்டு வைப்பது மேல். அத்தாய்க்கு நாம் கூறும் மறுமொழியும் ஈதே: "இல்லை, அம்மா. உம் மகன் பழுத்து உதிர்ந்தவன் அல்லன். உம் கண்ணீருக்கு உரிமை உண்டு; இலாசரின் கல்லறை முன் ஆண்டவரும் கண்ணீர் விட்டார். ஆயின் மண்ணுக்குள் தீ எட்டாத வேர் ஒன்று உண்டு என்பதை நாங்கள் விசுவசிக்கிறோம். நீர் அதனை விசுவசிக்கும் நாள் வரும்வரை உம்மருகே இருப்போம்."

லசால் அடிகள் உயிர் பிழைத்தார். இறந்தோர் அனைவருக்குமாக ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென நாடு நாடாய்ச் சென்று வேண்டினார். பல நாட்டார் உதவியால் எழுந்த அந்த உலக அமைதி நினைவுப் பேராலயம், 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அர்ச்சிக்கப்பெற்றது. எரிந்த மண்ணில் கிங்கோ தளிர்த்தது போன்றே திருச்சபையும் தளிர்த்தது.

குளிர் வரும் முன்

ஜப்பானிய வானிலைத் துறையினர் 1953 முதல் ஒவ்வோர் ஆண்டும் கிங்கோ பொன்னிறம் பூணும் நாளையும், இலையுதிரும் நாளையும் முறையாகக் குறித்து வருகின்றனர். 2021இல் தாவரக் குறிப்புகளை ஆறு இனங்களுக்குக் குறைத்தபோதும் கிங்கோவை அவர்கள் விட்டுவிடவில்லை. அக்குறிப்புகளை ஆராய்ந்தோர் காட்டுவது யாதெனில், உலகு வெப்பமடைந்து வருவதால் பொன்னிறம் பூணும் நாள் முன்னைக்கு இப்பொழுது பல நாள்கள் பிந்தி வருகிறது என்பதே. குளிர் பிந்தினால் மரமும் ஆயத்தத்தைப் பிந்துகிறது.

மனிதரும் அவ்வாறே. மருத்துவம் வளர்ந்துள்ளது, ஆயுள் நீண்டுள்ளது, அதற்காக நாம் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். ஆயின் உடல் வெதுவெதுப்பாய் இருக்கும்வரை ஆயத்தத்தை ஒத்திவைக்கும் பழக்கமும் நீண்டுவிட்டது. மரத்திற்குக் குளிர் என்றேனும் வந்தே தீரும். அதற்கு முன்னறிவிப்பும் உண்டு. நமக்கோ முன்னறிவிப்பு உறுதியில்லை. எனவே நலமாய் இருக்கும் நாளிலேயே ஆயத்தம் செய்வது அறிவுடைமை.

ஆதலின் இந்நவம்பர்த் திங்களில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று செயல்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, பேசாதிருக்கும் உறவு ஒன்றனோடு பேசுங்கள். காயத்தை மூடிவிட்டே மரம் இலையை விடுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுங்கள். அண்ணன் தம்பி வாசலையும் மிதியுங்கள்.

இரண்டாவது, எழுதி வையுங்கள். உயிலாயினும், கடன் கணக்காயினும், அடக்கத்தைப் பற்றிய விருப்பமாயினும், மக்கள் அனைவரும் அறியத் தெளிவாக எழுதி வையுங்கள். எழுதியதால் எவருடைய ஆயுளும் குறைந்ததில்லை.

மூன்றாவது, இளையவர் ஒருவர் கையில் ஏதேனும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். வயலின் ஒரு பாத்தியாயினும், கடையின் ஒரு கணக்காயினும், மாலைச் செபத்தைத் தொடங்கும் உரிமையாயினும் கொடுங்கள். நீங்கள் அருகிருந்து திருத்தும் காலத்திலேயே அவர் பழகட்டும்.

ஜப்பானில் காமகுரா நகரின் ட்சுருகாவோகா ஆலயப் படியருகே, ஆயிரம் ஆண்டு வயதினது எனப் போற்றப்பெற்ற கிங்கோ ஒன்று நின்றது. 2010ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் விடியலில் கடுங்காற்றால் அது வேரோடு சாய்ந்தது. மக்கள் கண்ணீர் விட்டனர். சில வாரங்களில் அதன் பழைய வேரிலிருந்து இளந்தளிர்கள் மேலெழுந்தன. அத்தளிர்கள் இன்று இளமரமாய் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பேரர்களும் அவர்தம் பேரர்களும் அதன் நிழலில் நிற்பர்.

நம் பொன்னாடையைக் களையும் நாள் ஒன்று உண்டு. அந்நாளில் கைகள் வெறுமையாயினும் நெஞ்சு நிறைவாய் இருக்கவும், நாம் விட்டுச் செல்லும் வேரிலிருந்து நம் மக்கள் தளிர்க்கவும், வாழ்வோரின் கடவுளாகிய ஆண்டவர் நமக்கு அருள்வாராக. மரித்த விசுவாசிகளின் ஆன்மாக்கள் அவருடைய இரக்கத்தினால் இளைப்பாறுவனவாக.